சக்கரத்தின் குடத்தில் ஒரு திருகு

மாட்டு வண்டியைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் கதையைச் சொல்வது சுலபம். வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம். குடத்திலிருந்து ஆரக்கால்கள் புறப்பட்டு வட்டையில் போய்ச் சேரும். குடத்தின் ஓட்டைக்குள் அச்சு நுழைந்திருக்கும். சக்கரம் கழன்று ஓடாமல் கடையாணி காக்கும். அங்கே அச்சு சுற்றுவதில்லை. சக்கரம் மட்டும்தான் சுற்றும்.

மோட்டார் வண்டியில் அப்படி இல்லை. எஞ்சின் எந்தச் சக்கரத்தை இழுக்கிறதோ, அந்தச் சக்கரத்தின் அச்சும் குடமும் ஒன்றாகச் சுற்ற வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் போன்ற வண்டிகளில் முன்சக்கரங்கள் சேற்றிலும் மணலிலும் மட்டும் இழுத்தால் போதும். நல்ல சாலையில் அவை சும்மா உருண்டால் போதும். அதனால் முன்சக்கரத்தின் குடத்தையும் அச்சையும் வேண்டும்போது சேர்க்க, வேண்டாதபோது பிரிக்க ஒரு சின்ன உறுப்பு கண்டுபிடித்தார்கள். ஒரு தேங்காய் மூடி அளவுதான் இருக்கும். மெக்கானிக்குகள் 'ஹப் லாக்' என்றும் 'ஃப்ரீ வீல் ஹப்' என்றும் சொல்வார்கள். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் குடத்துக்கு 'முவாயே' என்று சொல்லிக் கொடுத்தார்கள். எஞ்சினோடு சேராமல் தானாக உருளும் சக்கரத்துக்கு 'ரூ லீப்ர்', அதாவது விடுதலை பெற்ற சக்கரம். வேலையில் முயற்சி எடுக்காமல் ஒப்புக்குக் காலம் தள்ளுகிறவனையும் பிரெஞ்சுக்காரர்கள் 'ரூ லீப்ரில் போகிறான்' என்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் இருந்த எனக்கு அந்தச் சொல் நன்றாகவே பொருள்படும்.

இந்தச் சின்ன உறுப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. முதலில் கையால் திருப்பும் திருகாக வந்தது. பிறகு தானாகவே பூட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் பழைய ட்ரக்குகளில் அந்தத் தானியங்கியைக் கழற்றிவிட்டுப் பழையபடி கைத்திருகையே மாட்டிக்கொண்டார்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

போர் முடிந்த பிறகு

1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன, எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி கேட்டது. முதல் மாதிரி வண்டியை ஒப்படைக்கக் கொடுத்த கெடு 49 நாள். பான்டம் என்ற சிறு கம்பெனிக்காகக் கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற எஞ்சினியர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். வண்டி கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆனால் பெரிய ஆர்டர் வில்லீஸ் கம்பெனிக்கும் ஃபோர்டு கம்பெனிக்கும் போனது. 1945-க்குள் இருவரும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளினார்கள்.

அந்த ஜீப்பில் ஹப் லாக் கிடையாது. டிரைவர் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கும். அதை ஒரு பக்கம் நகர்த்தினால் முன் அச்சுக்கு எஞ்சின் பலம் போகும், மறுபக்கம் நகர்த்தினால் நின்றுவிடும். எஞ்சின் பலம் நின்றாலும் முன் அச்சு நிற்காது. சாலையில் உருளும் முன்சக்கரங்களே அச்சைச் சுற்றும். அச்சு நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலைச் சுற்றும். அது முன்பக்க ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைச் சுற்றும். எஞ்சின் இழுக்காத நேரத்திலும் இவ்வளவு இரும்பும் எண்ணெய்க்குள் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும். போர்க்களத்தில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பெட்ரோல் அரசாங்கத்துடையது.

போர் முடிந்ததும் கதை மாறியது. ராணுவம் வேண்டாமென்று விற்ற ஜீப்புகளை விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் வாங்கினார்கள். வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலை, ஒரு நாள் சேறு. அந்த ஒரு நாளுக்காக ஆறு நாளும் முன் அச்சைச் சுற்றுவானேன்? 1948-ல் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகரத்துப் பக்கம் ஆர்தர் வார்ன் என்பவர் இதற்கு வழி கண்டார். முன்சக்கரக் குடத்தின் வெளி மூடியைக் கழற்றிவிட்டு, அங்கே பூட்டவும் திறக்கவும் முடிகிற ஒரு ஹப்பை மாட்டினார். திறந்துவிட்டால் சக்கரம் மட்டும் உருளும். அச்சும் மற்ற இரும்பும் அசையாமல் நிற்கும். வார்ன் கம்பெனி இன்றும் இருக்கிறது. வண்டியை இழுக்கும் வின்ச்சுக்கும் பெயர் பெற்றது.

உள்ளே நடப்பது எளிமையானது. அச்சின் நுனியில் பல் வெட்டியிருக்கும். குடத்தின் உள்பக்கத்திலும் பல் வெட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பல் வளையம், அதற்குப் பின்னால் ஒரு ஸ்ப்ரிங். வெளியே உள்ள திருகைத் திருப்பினால் வளையம் நகர்ந்து இரண்டு பல்லிலும் கோத்துக்கொள்ளும். திரும்பத் திருப்பினால் விலகும். திருகின் மேல் ஒரு பக்கம் 'லாக்', மறுபக்கம் 'ஃப்ரீ' என்று எழுதியிருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு அதற்கு மேல் பாடம் தேவையில்லை.

ஒரே ஒரு தொந்தரவு. சேறு வந்தால் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும். இடப்பக்கம் ஒரு திருப்பு, வலப்பக்கம் ஒரு திருப்பு. மழையாக இருந்தால் நனைய வேண்டும். ஏற்கெனவே மாட்டிக்கொண்ட பிறகு நினைவு வந்தால் சேற்றில் கையை விட்டுத் துழாவ வேண்டும். இந்தத் தொந்தரவிலிருந்துதான் தானியங்கி பிறந்தது.

எங்கள் அலுவலகத்து லாக் புக்

இந்த விஷயம் எனக்குப் பழக்கமானது எப்படி என்று சொல்ல வேண்டும். நான் மெக்கானிக் இல்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் வண்டிகளின் லாக் புக் என் மேசையில் இருந்தது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் பெட்ரோல் போட்டது, லிட்டருக்கு எவ்வளவு என்று மாதக் கடைசியில் கணக்குப் போட வேண்டும்.

எங்களிடம் இரண்டு ஜீப். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று பின்சக்கரம் மட்டும் இழுப்பது. மற்றது நான்கு சக்கரமும் இழுப்பது. தணிக்கைக்கு வந்தவர்கள் இரண்டின் லாக் புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நான்கு சக்கர ஜீப் மாதாமாதம் கூடுதலாகப் பெட்ரோல் குடித்திருந்தது. 'ஒரே ரக வண்டிகள். வித்தியாசத்துக்குக் காரணம் என்ன? டிரைவரின் சம்பளத்தில் ஏன் பிடித்தம் செய்யக்கூடாது?' என்று ஆட்சேபணை எழுதிவிட்டுப் போனார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னால், டிரைவர் பெட்ரோலை விற்றுவிட்டார் என்று சந்தேகம்.

அந்த டிரைவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என் மேசைக்கு வந்து நின்றார்.

"தம்பி, நான் ஒரு சொட்டுகூட எடுக்கலை. முன்னாடி அச்சு சும்மா இருக்கும்போதுகூடச் சுத்துது. அதைச் சுத்த பெட்ரோல் வேணாமா? வந்து பாருங்க, நான் காட்டுறேன்."

போனேன். முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார். லீவர் இரண்டு சக்கரத்தில்தான் இருந்தது. "ரெண்டு சக்கரத்தையும் சேர்ந்தாப்ல சுத்துறோம்" என்று சொல்லி எனக்கு ஒரு பக்கம் கொடுத்து, மறுபக்கம் அவர் பிடித்துக்கொண்டார். கையால் சுற்றினோம். வண்டிக்கு அடியில் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கூடவே சுற்றியது. அந்தக் கனம் கையிலேயே தெரிந்தது. அடுத்த ஜீப்பில் அதே மாதிரி தூக்கிச் சுற்றினோம். முன்சக்கரம் விரலால் தட்டினாலே ஓடியது. அதில் சுற்ற வேண்டிய அச்சே இல்லை.

குறிப்பு எழுதினேன். இரண்டும் ஒரே ரகம் அல்ல. ஒன்றில் முன் அச்சு, டிஃபரன்ஷியல், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கூடுதலாக உண்டு. அவற்றின் எடையும் உராய்வும் எல்லா நேரமும் எஞ்சின் மேல்தான். மேலும் இந்த வண்டிதான் கடற்கரை மணலுக்கும் ஏரிக்கரைச் சேற்றுக்கும் போவது. ஆகவே இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது பொருந்தாது என்று நான்கு பத்தி. கூடவே இரண்டு வண்டிகளின் பயண விவரத்தையும் தனித்தனியாகப் பட்டியல் போட்டு இணைத்தேன். சில மாதம் கழித்து ஆட்சேபணை கைவிடப்பட்டது. பிடித்தம் இல்லை. கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்.

அந்தக் குறிப்புக்காகத் தேடியபோதுதான் வார்ன் என்ற பெயரை முதன்முதலில் படித்தேன். எங்கள் ஜீப்பில் அந்தத் திருகு இருந்திருந்தால் வித்தியாசம் கொஞ்சம் குறைந்திருக்கும், மறைந்திருக்காது. ஹப் மிச்சப்படுத்தும் பெட்ரோல் ஏதோ கொஞ்சம்தான். தேய்மானமும் சத்தமும் குறைவதுதான் பெரிய லாபம்.

கெட்டிக்காரத்தனமும் எளிமையும்

வார்ன் தன் திருகைச் செய்த அதே 1948-ல் இங்கிலாந்தில் லேண்ட் ரோவர் வெளிவந்தது. ஆங்கிலேயர்கள் வேறு வழியில் போனார்கள். நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். ஆனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி தன் வேகத்தில் உருளும்போது முன் அச்சு தானாகவே விடுபட்டுவிடும். சைக்கிளில் மிதிக்காமல் போகும்போது பின்சக்கரம் மட்டும் ஓடுகிறதே, அந்த மாதிரி. இறக்கத்தில் முன்சக்கரமும் எஞ்சினோடு சேர்ந்திருக்க வேண்டுமானால், டிரைவரின் காலடியில் உள்ள ஒரு வளையத்தை இழுத்துப் பூட்ட வேண்டும். அழகான யோசனை. ஆனால் 1950-லேயே அதை விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக, வேண்டும்போது டிரைவரே சேர்த்துக்கொள்ளும் சாதாரண ஏற்பாடு வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் கதை இன்னும் சுவையானது. போருக்குப் பிறகு அமெரிக்க ஜீப்பை நம்பியிருக்கக் கூடாது, சொந்த ஜீப் வேண்டும் என்று பிரான்சில் முடிவெடுத்தார்கள். பணக்காரர்களுக்கு அழகான கார்கள் செய்துகொண்டிருந்த தெலாஏ கம்பெனி 'வே.எல்.எர்' என்ற வண்டியைச் செய்து கொடுத்தது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், அலுமினிய எஞ்சின். காகிதத்தில் அமெரிக்க ஜீப்பைவிட எல்லா விதத்திலும் மேல். ஆனால் விலை அதிகம். சாதாரண சிப்பாயின் கையில் பழுது அதிகம். பழுது பார்க்க நிபுணர் வேண்டும். சில வருடத்தில் ராணுவம் அதைக் கைவிட்டது. 1955 முதல் 1966 வரை ஓச்கிஸ் கம்பெனி வில்லீஸிடம் உரிமம் வாங்கி, பழைய அமெரிக்க ஜீப்பையே எம்-201 என்ற பெயரில் பிரான்சில் செய்தது. பிரெஞ்சு ராணுவம் 1980களில் பெழோ பி-4 வரும்வரை அந்தப் பழைய வடிவத்தை வைத்தே ஓட்டியது.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்போம். அல்ஜீரியாவில் ஜீப் ஓட்டியவர். பென்ஷன் தாள்களை எழுதித்தர என்னைக் கூப்பிடுவார். தெலாஏ பற்றிக் கேட்டால் சிரிப்பார். "அது பாரிஸ் பொண்ணு மாதிரி தம்பி, பார்க்க அழகு. பாலைவனத்துல நின்னா அப்புறம் அதுங்கூட நானும் நிக்கணும். பழைய ஜீப்புல ஒரு ஸ்பேனர், ஒரு சுத்தியல் இருந்தா ஊர் வந்து சேரலாம்."

தானியங்கி வந்த கதை

அமெரிக்காவில் தானாகப் பூட்டும் ஹப்புக்கான முயற்சி சீக்கிரமே தொடங்கிவிட்டது. வார்ன் கம்பெனியே 'லாக்-ஓ-மாட்டிக்' என்று ஒன்று செய்தது. அதில் 'ஃப்ரீ' நிலையிலும் எஞ்சின் அச்சைச் சுற்றத் தொடங்கினால் உள்ளே இருக்கும் உருளைகள் நெருங்கிக் குடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் நன்றாக இழுக்கும். ஆனால் இறக்கத்தில் சக்கரம் அச்சை முந்தும்போது பிடி விட்டுவிடும். எஞ்சின் ப்ரேக் முன்சக்கரத்துக்குக் கிடைக்காது. அதற்குத் திருகை 'லாக்' பக்கம் திருப்பியே ஆக வேண்டும். பாதித் தானியங்கி.

1973-ஐ ஒட்டி அமெரிக்கக் கம்பெனிகள் ஒரு பெரிய தாவல் தாவின. ஹப்பும் வேண்டாம், லீவரும் வேண்டாம், நான்கு சக்கரமும் எல்லா நேரமும் இழுக்கட்டும் என்று பெரிய ட்ரக்குகளிலும் ஜீப்பிலும் முழுநேர ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. அதே ஆண்டுதான் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்க்கில் வரிசை நின்ற நாட்டில் இந்த ட்ரக்குகள் எண்ணெய் குடித்தன. பலர் முழுநேரத்தைப் பகுதிநேரமாக மாற்றும் பாகங்களை வாங்கி மாட்டி, குடத்தில் பழைய திருகையும் பொருத்தினார்கள். 1980 வாக்கில் கம்பெனிகளும் திரும்பி வந்தன.

ஆனால் வாங்குகிறவர்கள் மாறிவிட்டார்கள். 1980களில் சிறு ட்ரக்கை வாங்கியவர் பண்ணைக்காரர் மட்டுமல்ல. டை கட்டிக்கொண்டு அலுவலகம் போகிறவரும் வாங்கினார். அவரைச் சேற்றில் இறங்கச் சொல்ல முடியுமா? அதனால் தானாகப் பூட்டும் ஹப் பெரிய விற்பனைச் சரக்கானது. உள்ளே உட்கார்ந்தபடி லீவரைப் போட்டு வண்டியை நகர்த்தினால் போதும். அச்சு சுற்றத் தொடங்கியதும் உள்ளே ஒரு சரிவுத் துண்டு பல் வளையத்தைத் தள்ளிக் கோத்துவிடும். விடுவிக்க, லீவரை இரண்டு சக்கரத்துக்கு மாற்றிவிட்டுச் சில அடி தூரம் பின்னால் போக வேண்டும், கோத்தது கழன்றுவிடும்.

புதிதாக இருக்கும்வரை நல்ல வேலைதான். பத்து, பதினைந்து வருடம் ஆனபிறகுதான் சிக்கல். உள்ளே இருப்பவை சின்னச் சின்னத் துண்டுகள். சிலவற்றில் பிளாஸ்டிக் பாகங்களும் உண்டு. தண்ணீர் புகுந்து துரு பிடிக்கும். யாராவது நல்லது செய்வதாக நினைத்துக் கெட்டிக் கிரீஸை அள்ளி அடைத்திருப்பார்கள். குளிரில் அது மெழுகாக இறுகித் துண்டுகளை நகர விடாது. சேற்றில் மாட்டிய வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி வெளியே எடுப்பது எல்லா டிரைவரும் செய்வது. ஆனால் திசை மாறும் ஒவ்வொரு முறையும் தானியங்கி ஹப் கழன்று மறுபடி கோக்கப் பார்க்கும். பல் முனை மழுங்கும். ஒரு நாள் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வரும், இழுவை வராது.

இதற்கு மேல் ஒரு ஆபத்து உண்டு. டிஃபரன்ஷியலின் குணம் என்னவென்றால், எந்தப் பக்கம் எதிர்ப்பு இல்லையோ அந்தப் பக்கமே சுற்றல் ஓடிவிடும். இரண்டு ஹப்பில் ஒன்று கோத்து மற்றது கோக்காவிட்டால், கோக்காத பக்கத்து அச்சு வெறுமனே சுற்றும். கோத்த பக்கத்துக்கும் பலம் போகாது. ஒரு ஹப் பழுதானால் பாதி இழுவை போகும் என்று நினைப்போம். முன்பக்க இழுவை முழுவதுமே போய்விடும். உள்ளே லீவர் '4' என்று காட்டும், விளக்கும் எரியும், டிரைவர் நம்பிக்கொண்டு போவார்.

கொலராடோவில் என் மருமகன்

என் தங்கை மகன் அமெரிக்காவில் கொலராடோ மலைப்பக்கம் இருக்கிறான். ஒரு பழைய ட்ரக் வைத்திருக்கிறான். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். சில வருடத்துக்கு முன் குளிர்காலத்தில் மனைவியையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு பனி மேட்டில் ஏறியிருக்கிறான். லீவர் நான்கில். பாதி மேட்டில் பின்சக்கரம் வழுக்கியது, முன்சக்கரம் உதவவில்லை. வண்டி மெல்லப் பின்னால் சறுக்கி, சாலையோரப் பனிக் குவியலில் முட்டி நின்றது. அந்தக் குவியலுக்கு அந்தப் பக்கம் பள்ளம். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"மாமா, விளக்கு எரிஞ்சுது. நாலு சக்கரமும் இழுக்குதுன்னுதானே நம்பி ஏறினேன்" என்றான் தொலைபேசியில்.

"பட்டறையில காட்டினியாப்பா?"

"காட்டினேன் மாமா. ஒரு பக்கம் பூட்டலையாம். அதே மாதிரி ஆட்டோமேட்டிக் புதுசா போடலாம், இல்லைன்னா மேனுவல் போட்டுக்கலாம்னு சொல்றாங்க. மேனுவல்தான் விலையும் கம்மி. ஆனா ஒவ்வொரு தடவையும் பனியில இறங்கணுமேன்னு இவ யோசிக்கிறா."

"குளிர்காலம் முழுக்கப் பூட்டியே வச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். எங்கள் பழைய ஜீப் ஆயுள் முழுவதும் அப்படித்தானே ஓடியது! பட்டறைக்காரரும் அதையே சொன்னாராம். அந்த ஒரு பதிலில் வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது.

அவனும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு சனிக்கிழமையில் வேலையை முடித்தார்கள். வீடியோவில் எனக்கும் காட்டினான். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்தார்கள். வெளி மூடியின் சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றினார்கள். அச்சு நுனியில் இருந்த வட்டக் கிளிப்பை எடுத்ததும் தானியங்கி ஹப் கையோடு வந்தது. உள்ளே கிரீஸ் தேன்மெழுகு போலக் கெட்டியாகியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பல ட்ரக்குகளில் தானியங்கி ஹப்பின் சரிவுத் துண்டு, சக்கர பேரிங்கைப் பிடித்திருக்கும் நட்டோடு சேர்ந்த அமைப்பாக இருக்கும். ஹப்பை மட்டும் மாற்றினால் போதாது. அந்த நட்டையும் மாற்ற வேண்டும். கைத்திருகு ஹப்புக்கு உள் நட், துளைகள் உள்ள பூட்டு வாஷர், வெளி நட் என்று மூன்றும் சேர்ந்த தொகுப்பு தனியாக வாங்க வேண்டும். அந்த நட்டுதான் சக்கரத்தையே பிடித்திருக்கிறது. நம் கடையாணி மாதிரி. இறுக்கம் அதிகமானால் பேரிங் சூடேறிப் போகும். தளர்ந்தால் சக்கரம் ஆடும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் அளவு பார்த்து, வாஷரைப் போட்டு வெளி நட்டால் பூட்டினார்கள்.

பிறகு பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, பேரிங்குக்குப் புதுக் கிரீஸ் வைத்து, ஹப்பின் பல்லுக்கு மட்டும் மெல்லிய பூச்சு கொடுத்தார்கள். புதிய ஹப், கிளிப், ரப்பர் வளையம், மூடி. 'லாக்', 'ஃப்ரீ' இரண்டிலும் சக்கரத்தைக் கையால் சுற்றி, அச்சு கூடச் சுற்றுகிறதா, நிற்கிறதா என்று பார்த்தார்கள். எழுபதுகளில் ஜாக்கியில் தூக்கிய அதே பரிசோதனை. மறுபக்கமும் அப்படியே.

அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பக்கமும் பூட்டிலேயே இருந்தது. பனி கண்டால் உள்ளே லீவரைப் போட்டால் போதும். யாரும் இறங்க வேண்டியதில்லை. வசந்தம் வந்ததும் இறங்கித் திருப்பிவிட்டான். அதே மேட்டில் எத்தனையோ தடவை ஏறி இறங்கிவிட்டான்.

வைத்திருப்பவர்களுக்கு

பழைய ஜீப்போ ட்ரக்கோ வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்ள நான்கு விஷயம். இரண்டு பக்கமும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். பூட்டிய நிலையில் இரண்டு சக்கரத்தில் ஓட்டினால் கெடுதல் இல்லை. கொஞ்சம் பெட்ரோலும் தேய்மானமும்தான். காய்ந்த தார்ச்சாலையில் லீவரை நான்கில் போட்டு ஓட்டக்கூடாது. திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் போக வேண்டியிருப்பதால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். எப்போதும் 'ஃப்ரீ'யிலேயே வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறை பூட்டிச் சில கிலோமீட்டர் ஓட்டினால் முன் அச்சின் உள்ளே எண்ணெய் பரவும்.

தானியங்கியே கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்றைய கார்களில் கணினி பார்த்துக்கொள்ளும் நான்கு சக்கர ஏற்பாடு எத்தனையோ மேம்பட்டது. மூட்டுவலி உள்ள என் வயதுக்காரனைச் சேற்றில் குனியச் சொல்வதும் நியாயமில்லை. வண்டி புதிதாக இருந்து, பழுது பார்க்க ஆளும் பாகமும் கிடைக்கும்வரை தானியங்கியால் சுகம்தான்.

கைத்திருகும் கெட்டுப்போகும். ஆனால் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து கண்ணால் பார்க்கலாம். நிலை 'லாக்'கா 'ஃப்ரீ'யா என்பது குடத்தின் மேலேயே எழுதியிருக்கிறது. பழைய தானியங்கி பூட்டியதா இல்லையா என்பது மேட்டில் பாதி ஏறிய பிறகுதான் தெரியும். அலுவலகத்தில் ஒரு கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று நகர்வுப் பதிவேட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். 'தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்' என்று யாராவது சொன்னால் அந்தக் கோப்பைத்தான் முதலில் தேடிப் போவோம். குழந்தையை வைத்துக்கொண்டு மேடு ஏறுகிறவனுக்கும் அந்தப் பதிவேடு போல ஒன்று வேண்டும். இறங்கிப் போய்ப் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.